நட்ட மரங்களை ஏற்ற வந்த லாரி

விஜயகுமாரியின் வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையில் இருக்கும் ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் தைத்தவள் அவள். ஒரு மார்ச் மாதம், ஏற்றுமதி அவசரத்தில், மெஷின் ஊசி நகத்தைத் துளைத்து எலும்பில் போய் உடைந்தது. வேலூரில் அறுவைச் சிகிச்சை செய்து ஊசித் துண்டை எடுத்தார்கள். விரல் மட்டும் நீட்டியபடியே நின்றுவிட்டது. தையலுக்கு இனி ஆகமாட்டாள் என்று கம்பெனி அவளைத் தோட்டத்துக்கு மாற்றியது.

தையல் பிரிவிலிருந்து தோட்டத்துக்குப் போவது அங்கே ஒரு இறக்கம். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிற பெண்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். தெருவிலும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் எதிர் வீட்டுக்காரி. அவள் நகத்தில் செம்மண்ணைப் பார்த்து நானாகக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கம்பெனிக்குப் பின்னால், கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் நிலம் கிடந்தது. வெயில் காலத்தில் மண்ணின் மேல் உப்பு பூத்து வெள்ளையாகத் தெரியும். இரண்டு தடவை அங்கே மரக்கன்று நட்டிருக்கிறார்கள். சாண் உயரக் கன்றுகள், ஒரே மாதத்தில் கருகிப்போயின. அதனால் கன்றுகளை ஆளுயரம் வளர்த்த பிறகு மண்ணில் இறக்குவது என்று முடிவு செய்தார்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து தேங்காய் நாரை அழுத்திச் செய்த பெரிய தொட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற அகலம். கன்றைத் தொட்டியோடு குழியில் வைத்துவிடலாம், நார் தானாக மக்கி மண்ணோடு போய்விடும் என்று கொண்டுவந்தவர் சொன்னார்.

தோட்டத்தில் அவளோடு இருந்தவர் ஜியாவுல்லா பாய் ஒருவர்தான். தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இரண்டு பேருமாகச் செம்மண்ணும் மணலும் ஆட்டெருவும் கலந்து நூற்று நாற்பது தொட்டிகளை நிரப்பினார்கள். புங்கன், பூவரசு, வேம்பு வைத்தார்கள்.

ஒன்றரை வருடம் அவள் அவற்றோடேயே இருந்தாள். பிளாஸ்டிக் பையில் இருக்கும் கன்றின் வேர் சுவரில் முட்டி, உள்ளேயே வட்டமடித்து முறுக்கிக்கொள்ளும் என்றும், நார்த் தொட்டியில் வேர் முனை சுவரைத் துளைத்து வெளியே எட்டிப்பார்த்து, காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே புதிதாகக் கிளைவிடும் என்றும் அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. தொட்டியைத் தூக்கினால் ஈரத்தில் பிய்ந்துவிடும் என்று, அடியில் சாக்கைப் போட்டு இரண்டு ஆளாகத் தூக்கவைப்பாள். அந்த நாட்களில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் முகம் நன்றாக இருக்கும். தையலில் இருந்தபோது நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கடைசியில், இரண்டு மழைக்குப் பிறகு, நட்டார்கள். இடுப்பளவு குழி. உப்பு மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, வேறு மண் நிரப்பி, தொட்டியின் அடியைக் கத்தியால் கீறி உள்ளே இறக்கினார்கள். தொட்டியின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நார் திரியைப் போல ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டுவிடுமாம். கூலி ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் விட்டுப்போன விளிம்புகளை அவளே முட்டி போட்டு வெட்டி மூடினாள். செப்டம்பரில் ஷூ வாங்கும் வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் வந்து மரங்களைப் பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். அக்டோபரில் எல்லாக் கன்றிலும் தளிர் வந்தது.

நவம்பர் இரண்டாம் வாரம் ஒரு லாரியும் ஜேசிபியும் தோட்டத்துக்குள் வந்தன. பின்னாலேயே கார்முகிலன் வந்தான். தணிக்கை வேலையெல்லாம் பார்க்கிற அதிகாரி. இருபத்தெட்டு வயது, மரியாதையாகப் பேசுகிறவன். இதே முதலாளிக்குக் கலவை என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு கம்பெனி இருந்தது. அங்கே அடுத்த வாரம் வேறொரு ஆர்டர்காரர் பார்க்க வருகிறார், ஆனால் அங்கே ஒரு மரம்கூட இல்லை. அதனால் இவற்றை அங்கே கொண்டுபோக வேண்டும் என்றான்.

“நட்டாச்சு சார். வேர் வெளிய போயிடுச்சு. இப்ப எடுத்தா அறுந்துடும்.”

“தொட்டியோட தானே நட்டீங்க? தொட்டியோடவே எடுத்துடுங்க அக்கா.”

அவள் பக்கத்திலிருந்த ஒரு புங்கனின் ஓரத்தைக் கையால் தோண்டிக் காட்டினாள். தொட்டி நனைந்த அட்டையாக இளகிப்போயிருந்தது. அதன் சுவரை ஊடுருவி வெள்ளை வேர்கள் மண்ணுக்குள் போயிருந்தன. எது தொட்டி, எது மண் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கார்முகிலன் குனிந்து நன்றாகவே பார்த்தான். அவனுக்குப் புரியாமல் இல்லை. தனக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு லாரிக்காரனுக்குக் கை காட்டினான்.

ஜேசிபி ஒவ்வொரு மரத்தையும் மண்ணோடு கோரி எடுத்தது. வேர் அறுகிற சத்தம் கேட்டதாக அவள் சொன்னாள். இஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்க முடியாது, ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை. வேரைச் சுற்றியிருந்த மண் உதிர உதிர, அவளும் பாயும் சாக்கை வைத்துச் சுற்றினார்கள். கோணி ஊசி பிடித்து, மடங்காத விரலோடு, மாலை வரை ஒவ்வொரு சாக்காகத் தைத்தாள். லாரி மூன்று நடை போயிற்று.

மறுநாள் அவளையும் கலவைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே குழி முழங்காலுக்கும் கம்மி. சாக்கைப் பிரிக்கக்கூட நேரம் தராமல் அப்படியே இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். மூன்றாம் நாளே வேம்புகள் தலை சாய்ந்துவிட்டன. காலையும் மாலையும் டேங்கரில் தண்ணீர் அடித்தார்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளுவதற்கென்றே நான்கு பெண்களைப் போட்டார்கள்.

ஆர்டர்காரர் அனுப்பிய தணிக்கையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. விஜயகுமாரிக்குப் பச்சைக் கோட்டு ஒன்றைப் போட்டு மரங்களுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண்மணி வாடின புங்கன் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவற்றை எப்போது நட்டீர்கள் என்று நேராக இவளிடமே கேட்டார். கார்முகிலன் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னான். விஜயகுமாரி உள்ளதைச் சொன்னாள்.

“போன வாரம்தான் மேடம். ஆம்பூர்ல வேர் புடிச்சிருந்தத பேத்து எடுத்துனு வந்துட்டாங்க. இது பொழைக்காது.”

கார்முகிலனின் முகம் மாறவில்லை. சிரித்தபடியே ஆங்கிலத்தில் சொன்னான். பதினாறு வருடத்துக்கும் மேலாகக் கம்பெனியில் இருந்தவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். இரண்டு வருடமாக இங்கேயே வளர்க்கிறாள், தன் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறாள் என்று அவன் சொன்னது புரிந்தது. அந்தப் பெண்மணி இவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

“நோ மேடம், லாஸ்ட் வீக். நாலே வார்த்தை,” என்று விஜயகுமாரி பிறகு என்னிடம் சொன்னாள். “வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. எம்பொண்ணு நெனப்பு வந்துச்சு.” அவள் பெண் பூர்ணிமா அப்போது வேலூரில் நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் இவள். வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தபோது சிரிக்கவும் செய்தாளாம். அவள் தன்னை மன்னிக்காதது அந்தச் சிரிப்பைத்தான்.

டிசம்பர் முடிவதற்குள் கலவையில் ஒரு மரமும் இல்லை. செத்ததற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. நார்த் தொட்டி தரமில்லாதது, தோட்டப் பணியாளர் சரியாகக் கையாளவில்லை என்று எழுதி அவளிடம் கையெழுத்துக் கேட்டான் கார்முகிலன். அவள் படித்துப் பார்த்தாள். “மரத்த கொன்னது நீங்க. நான் போடமாட்டேன் சார்,” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். என்னிடம் இதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை எதுவும் இல்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல், பிரயோசனமில்லாத இடத்தில் சொன்னேன் என்றுதான் சொன்னாள்.

ஜியாவுல்லா பாயிடம் அதே காகிதத்தை நீட்டினார்கள். அவர் கைநாட்டு வைத்தார். அவள் அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

வேலையை விட்டுத் தூக்கவில்லை. நூல் வெட்டும் பிரிவில் போட்டார்கள். தைத்து முடித்த ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை நாள் முழுக்க நின்றபடி கத்தரிக்கிற வேலை. புதிதாகச் சேருகிற பெண்களுக்குத் தருவது.

இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக இப்போது பிளாஸ்டிக் தொட்டி வாங்கிவிட்டார்கள், அடியில் சக்கரம் வைத்தது. எங்கே ஆள் வருகிறார்களோ அங்கே தள்ளிக்கொண்டு போகலாம். அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தமிழினி என்று ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். போன மாதம் டீ நேரத்தில் அவள் விஜயகுமாரியிடம் தயங்கித் தயங்கி வந்து, கன்றெல்லாம் மஞ்சளாகிறது, எவ்வளவு தண்ணீர் விட்டும் வளரமாட்டேன் என்கிறது, உங்களுக்குத் தெரியும் என்றார்களே அக்கா என்று கேட்டிருக்கிறாள்.

வேர் உள்ளேயே சுற்றி இறுகிவிட்டது, வெளியே எடுத்துக் கீறிவிட்டு மண்ணில் வைத்தால் தேறும். விஜயகுமாரிக்குத் தெரியும்.

“ஆபீஸ்ல கேளு,” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாளாம்.

அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லையே என்று நான் கேட்டேன். இல்லைதான் என்றாள். அப்படியானால் நாளைக்காவது கூப்பிட்டுச் சொல்லேன் என்றேன். விஜயகுமாரி உலர்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றுவரை சொல்லவில்லை.