கறுத்த மூக்குக்காரி

தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, சரிவில் ஒரு மரம் பட்டு நிற்கிறது. தேயிலைக்கு நிழல் வேண்டுமென்று எந்தக் காலத்திலோ நட்டது. பட்டை உரிந்து வெளுத்துவிட்டது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொந்து. அதில் மலைக்கிளி ஒரு சோடி குடியிருக்கிறது.

கூண்டில் பார்க்கிற பச்சைக் கிளி இல்லை இது. முதுகு சாம்பல் நீலம், கழுத்தில் பச்சை வளையம். தெமோதரைப் பக்கமிருந்து கூட்டமாக வரும்போது சண்டை போட்டுக்கொண்டே வருவது போலச் சத்தம் கேட்கும். ஆணுக்கு மூக்கு சிவப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. இந்தக் கறுப்பில்தான் எங்கள் ஆட்கள் ஏமாறுவார்கள். கிளியென்றால் மூக்குச் சிவந்திருக்க வேண்டும், கறுப்பாக இருந்தால் அது இன்னும் சிவக்காத குஞ்சு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மரம் ஏறுவதும் வெட்டுவதும்தான் தோட்டத்தில் என் வேலை. சில வருடங்களுக்கு முன்னால் பசறை ரோட்டுப் பக்கம் ஒரு பட்ட மரத்தைச் சாய்க்கச் சொன்னார்கள். பொந்து வாசலில் கறுத்த மூக்கோடு ஒன்று நின்றது. குஞ்சு வளர்ந்து வெளியே வந்துவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை என்று வெட்டினேன். மரம் விழுந்து பிளந்தபோது உள்ளே மூன்று குஞ்சுகள். இறகு முளைக்காதவை. மூக்கில் கறுப்பே இல்லை. கறுத்த மூக்குக்காரி கீழே வரவில்லை. மரம் நின்ற இடத்தில், பொந்து இருந்த அதே உயரத்தில், வெறும் ஆகாயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

இந்த வருடம் பங்குனியில், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில், கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னார்.

“லயத்துக்கு மேல நிக்கிற பட்ட மரத்த இன்னைக்குச் சாய்ச்சிடுப்பா.”

“உள்ள குஞ்சு இருக்குங்க ஐயா.”

“எங்க இருக்கு? நேத்து நானே பார்த்தேன். கறுத்த மூக்குக் குஞ்சு வெளிய வந்து குந்திக்கிட்டு இருக்கு.”

“அது குஞ்சு இல்லைங்க. ஆத்தாக்காரி.”

கொழுந்துக்குப் போக நின்ற பெண்கள் சிரித்தார்கள். “அண்ணன்தான் பிரசவம் பார்த்தாரு போல” என்றாள் ஒருத்தி. காது சுட்டது. வேறு நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு கோடாரியை எடுக்கப் போயிருப்பேன்.

“நான் வெட்ட மாட்டேங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது.

“லயத்து மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“விழுந்தா கடைசிக் காம்பராவுலதான் விழும். அதுல நான்தான் இருக்கேன்.”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. காற்றுக் காலத்தில் கிளை முறிந்து தகரத்தில் விழுந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் மரத்தில் ஏறி, கூரைப் பக்கம் நீண்ட கிளைகளையெல்லாம் அறுத்து இறக்கினேன். பொந்தோடு அடிமரம் மட்டும் நின்றது. கறுத்த மூக்குக்காரி என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தாள். கீழே என் மனைவி.

“வாயில்லாத மனுசன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. இப்பக் கணக்கப்பிள்ளையோட மல்லுக்கு நிக்கிறீங்க. மரம் விழுந்தா கிளியா வந்து நம்மளத் தூக்கும்?”

“கிளை இல்லல்ல, இனிக் காத்துப் பிடிக்காது.”

திட்டிக்கொண்டேதான் கிளை இறக்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கணக்கப்பிள்ளை கூப்பிட்டுப் பதுளையிலிருந்து மெஷின் வாளோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “உச்சியில கயிறு கட்டி மேட்டுப் பக்கம் இழுக்கணும். இல்லாட்டி லயத்துலதான் விழும். யாரு ஏறுறது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிளையுமில்லாத, பட்டையுமில்லாத மரத்தில் ஏற இந்தத் தோட்டத்தில் வேறு ஆள் கிடையாது.

“ஏறுப்பா” என்றார் கணக்கப்பிள்ளை.

“ஏற மாட்டேங்க.”

“தொரைகிட்டச் சொல்லவா?”

“சொல்லுங்க ஐயா, தொரையே ஏறிக் கட்டட்டும்!” என்று தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். பிரசவம் என்று கேலி செய்தவள்தான். இந்தமுறை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. மெஷின் திரும்பிப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து எனக்குக் கான் துப்பரவாக்கும் வேலை. மழைத் தண்ணீர் ஓடுகிற கானில் முழங்கால் வரை சேறு. பரவாயில்லை. சித்திரையில் லயத்து மரப் பொந்திலிருந்து மூன்று குஞ்சுகள் பறந்தன. கணக்கப்பிள்ளை கான் ஓரமாக வந்து நின்றார்.

“இப்பத்தான் பொந்து காலியாச்சே. கயிறு கட்டுறியா? பழைய வேலையத் தர்றேன்.”

“வர்ற வருசம் திரும்ப வருவாளுங்க.”

“வேற மரம் பார்த்துக்கட்டுமே.”

“இந்த மலையில வேற பட்ட மரம் எங்கங்க இருக்கு? எல்லாத்தையும் நான்தானே வெட்டினேன்.”

அவர் கான் ஓரமாகவே திரும்பி நடந்தார். நான் மண்வெட்டியை எடுத்தேன். மரம் நிற்கிறது. யார் கேட்டாலும் அதில் கயிறு கட்ட மாட்டேன்.