ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு பொறி

“கம்பி இல்லாம மணி அடிக்கும்னா, கயிறு இல்லாமக் கெணத்துத் தண்ணி மேல வந்துருமே புள்ள” என்றார் பெரியப்பா. அப்போது அவர், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். நனைந்த கயிற்றின் வாடை இன்றும் என் மூக்கில் நிற்கிறது.

ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். பழைய டப்பா மூடியும் செம்புக் கம்பிச் சுருளும் வைத்து நான் செய்த மின்சார மணிக்கு அந்தத் தெருவின் குறுக்கே கம்பி கட்டியிருந்தேன். வைக்கோல் வண்டி போகும்போதெல்லாம் அது அறுந்தது. கம்பியே இல்லாமல் அடிக்க வைக்கிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

அது வீறாப்பு மட்டுமல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தும் தாண்டி, பள்ளியின் கடைசி வகுப்பான பதினொன்றில் இருந்தேன். மதுரைக்குக் கல்லூரிக்கு அனுப்புவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்பது குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பாவின் வாய்ச்சொல்லில் நின்றது.

“மணி அடிக்கட்டும், நானே ரயில் ஏத்தி விடுறேன். அடிக்கலைன்னா நான் சொல்ற எடத்துல கழுத்த நீட்டணும்.”

“அடிக்கும் அத்தான். நீங்க வண்டிமாட்டுக்குத் தண்ணி காட்டி வைங்க” என்றாள் அம்மா. அவளுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

ஓரிடத்தில் மின்பொறி தெறித்தால் கண்ணுக்குத் தெரியாத அலை கிளம்பும், எதிர்ப்பக்கம் கண்ணாடிக் குழாயில் உதிரியாகக் கிடக்கும் உலோகத்தூள் அந்த அலை பட்டதும் ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடும், மணி அடிக்கும், அந்த அதிர்வில் தூள் மறுபடி உதிரும். நான் படித்தது இவ்வளவுதான். பொறிக்கு லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட ‘காயில்’ கிடைத்தது. ஆனால் அப்பா சிவகாசியில் கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மருந்தில் பொறி பட்டுவிடக் கூடாதென்று செருப்பையும் இரும்புச் சாமானையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள் அவர்கள்; பொறி என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்காது. அப்பா காயிலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஊறுகாய் தீர்ந்த பீங்கான் ஜாடியை எடுத்து வந்தார்.

“பொறி வெளிய வரப்படாது. இதுக்குள்ள வச்சு மூடிக்கோ.”

மறுநாள் கம்பெனியில் கேட்டு வாங்கி, மத்தாப்பு இரும்புத்தூளில் ஒரு சிட்டிகை மடித்துக்கொண்டு வந்ததும் அவர்தான்.

மணி அடிக்கவில்லை. ஜாடிக்குள் பொறி சடசடத்தது. குழாயில் தூள் சும்மா கிடந்தது. பெரியப்பா போகும்போதும் வரும்போதும், “என்ன புள்ள, மணி ஊமையா பொறந்துருச்சா?” என்று கேட்டார். காயிலை மாற்றிக் கட்டினேன், புதுப் பேட்டரிக் கட்டை போட்டேன். பலனில்லை. ஒரு சாயங்காலம் தூள் மடித்து வந்த லேபிள் காகிதத்தை எறியப் போனபோது, அதன் வழியே விளக்கு மங்கலாகத் தெரிந்தது. காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.

மருந்தோடு சேர்ந்து துருப்பிடிக்காமல் இருக்க, மத்தாப்புக்கான இரும்புத்தூளை எண்ணெயில் பிசறித்தான் வைப்பார்கள். அது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்; தெரிந்ததாலேயே எனக்குத் தோன்றவில்லை. இரும்புத்தூள் என்றாலே எங்களுக்கு எண்ணெய்த்தூள்தான். எண்ணெய்த் தோல் போர்த்திய தூள் மின்சாரத்துக்கு எப்படி வழிவிடும்? அன்றைக்கே ஒரு புது ஆணியை அரத்தால் ராவிக் குழாயை நிரப்பினேன்.

மறுநாள் காலை அம்மா ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பேட்டரிப் பெட்டி தூக்கி வந்த அப்பாவோடு தெருவைக் கடந்து போய், பெரியப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினாள். குழாயோடு நான் காத்திருந்த எங்கள் வீட்டில் மணி அலறியது. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது: “தள்ளு தாயி, நான் அமுக்குறேன்.” பேட்டரி ஓயும்வரை அவர் விடவில்லை. ஆனி மாதம் வண்டி பூட்டி, விருதுநகரில் ரயில் ஏற்றிவிட்டவரும் அவரே.

இப்போது மதுரையில் பௌதிகம் கடைசி வருஷம் படிக்கிறேன். தெருவில் மின்கம்பம் வந்துவிட்டது. தோட்டத்துக் கிணற்றில் கமலையும் இல்லை, கயிறும் இல்லை, மோட்டார் இறைக்கிறது. அதைப் போடவும் நிறுத்தவும் முழங்கால் வலியோடு வரப்பில் நடக்கும் பெரியப்பா, போன விடுமுறையில் என்னிடம் கேட்டார்: “ஏத்தா, வீட்ல இருந்தே அதப் போட முடியுமா?”

மதுரை திரும்புவதற்கு முன்பே, கம்பியில்லாமல் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டி ஒன்றைப் பம்பு அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். இந்த முறை தூள் இல்லை, டிரான்சிஸ்டர்.