மறதி பிடித்த மெஷின்

என் வீட்டுக்காரர் அன்சாரைப் பற்றி அதிராம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்! சவுதியில் ஜெராக்ஸ் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர், பேரீச்சம்பழத்தோடு ஒரு பெட்டி நிறையப் பழைய கம்ப்யூட்டர் சிப்புகளையும் கொண்டுவந்தார். போர்வை வைக்கிற அலமாரி இப்போது அவற்றுக்குத்தான்.

போன வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்துத் தெருவில் எல்லாருக்கும் அக்காவான சைத்தூன் லாத்தா அழுதுகொண்டே வந்தார். கணவர் மௌத்தாகித் தனியாளான பிறகு, புர்காவிலும் கல்யாண ரவிக்கைகளிலும் பூப்போடும் ஒரு பழைய எம்ப்ராய்டரி மெஷின்தான் அவருக்குச் சோறு போடுகிறது. அது இப்போது பாதிப் பூவிலேயே டிசைனை மறந்து கோணல்மாணலாகத் தைக்கிறதாம். வந்து பார்த்த மெக்கானிக் தூக்கிப் போடச் சொல்லிவிட்டான்.

"சாயங்காலம் எங்க காக்கா வர்றாங்க தம்பி. மெஷினை எடைக்குப் போட்டுட்டு என்னைக் கீழ்வேளூருக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். கூடப்பிறந்தவங்கதான், இருந்தாலும் காலம் பூரா மதினி கையைப் பார்த்து எப்படி உக்காந்து சாப்பிடுறது?" என்று, அண்ணனைச் சொல்லி இவரிடம் அழுதார்.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மனிதர் சட்டையைக்கூட மாற்றவில்லை. சிப் பெட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு லாத்தா வீட்டுக்கே போய், தைக்கிற டிசைனை அப்போதைக்கு நினைவில் வைக்கும் மெமரி சிப்புகளை மெஷினிலிருந்து கழற்றி, தன் செல்லப்பிள்ளையான ஆர்டுயினோ போர்டில் ஒவ்வொன்றாகச் செருகினார். உள்ளங்கை அளவு போர்டு அது. சிப்பில் எதையாவது எழுதும். பிறகு எழுதியதைத் திருப்பிக் கேட்கும். சிப் சரியாகச் சொன்னால் பச்சை விளக்கு, உளறினால் சிவப்பு.

எல்லாமே சிவப்பு. தன் பெட்டியிலிருந்து நல்ல சிப் ஒன்றை எடுத்துச் செருகினார். அதுவும் சிவப்பு! லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

என்னதான் ஆச்சு என்று நான் குனிந்தேன். கமகமவென்று வாசனை.

"என்னங்க, சிப்புக்கு என்ன கல்யாணமா? அத்தர் மணக்குது!"

பள்ளிவாசலுக்குப் போகும்போது கையில் பூசிய அத்தர். அந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் சிப்புகளின் கம்பிக்கால்களில் ஏறியிருந்தது. அப்புறம் கரண்ட் எங்கே பாயும்?

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க!" என்று விரட்டினேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி போய்க் கழுவிவிட்டு வந்து, சிப்புகளையும் போர்டையும் ஸ்பிரிட்டால் துடைத்தார். பச்சை. மறுபடி பச்சை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் நிஜமாகவே உளறியது. அதற்குப் பதில் தன் பெட்டியிலிருந்து ஒன்றை வைத்து மூடினார். மெஷின் ஒரு முழு மல்லிகைப்பூவைத் தைத்து முடித்ததும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக இன்னும் இரண்டு அலமாரிகூடக் கொடுப்பேன்.

வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இறங்கி, "சைத்தூன், கெளம்பிட்டியா?" என்றார்.

லாத்தா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆட்டோவை அனுப்பிடுங்க காக்கா. கையில வேலை இருக்கு. உக்காருங்க, ராத்திரி என் வீட்டுல சாப்பிட்டுட்டுப் போகலாம்."