பாரீஸ் மாப்பிள்ளையின் கேசட்

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, தங்கை, அம்மாவுக்கு அண்ணனான என் மாமா, பாரீஸ் மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டு அங்கிருந்து வந்திருந்த அவருடைய அத்தை, பிறகு நான். வேறு யாரையும் கூப்பிடவில்லை. வீடியோ டெக் வந்திருப்பது தெரிந்தால் சினிமா போடுகிறார்கள் என்று தெருவே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். சாத்தியதில் கூடம் புழுங்கியது. புழுக்கத்தில் டெக் சூடாகிவிடுமோ என்று எனக்கு அது வேறு கவலை.

டெக் என்னுடையதல்ல. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, காரைக்காலில் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு விடும் கடையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வரிச்சிக்குடி, குரும்பகரம் என்று விசேஷ வீடுகளுக்கு ஏற்றிப் போய்ப் படம் போட்டுவிட்டு வருவேன். படத்தில் கோடு விழுந்தால் டெக்கின் முன்னாலுள்ள திருகைத் திருப்புவது, அதற்கும் கேட்காவிட்டால் மூடியைக் கழற்றி உள்ளே நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைப்பது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

தங்கையைப் பாரீஸில் வேலையிலிருக்கும் ஒருவருக்குக் கேட்டிருந்தார்கள். போட்டோவைப் பார்த்துக் கழுத்தை நீட்டமாட்டேன், ஆள் நடக்க வேண்டும், பேச வேண்டும், பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று அவள் நின்றுவிட்டாள். அங்கே லீவு கிடைக்கவில்லை. ஆளுக்குப் பதில், அவர் நடந்து பேசுகிற வீடியோ கேசட் அத்தையோடு வந்தது. அத்தைக்கு மறுநாள் காலை பஸ். பாண்டிச்சேரி, மெட்ராஸ், அங்கிருந்து விமானம். தன் பையில் இன்னும் இரண்டு பெண்களின் போட்டோ இருப்பதை அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கேசட்டை வந்த அன்றே ஒரு தடவை போட்டோம். பிரான்சில் எடுக்கிற கேசட் நம் ஊர் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். மாப்பிள்ளை கதவைத் திறந்து நடந்து வந்து முகம் பாதி தெரிந்ததுமே அம்மா, “நிறுத்துடா. மொத மொத பாக்குறப்ப இப்படியா பாக்குறது, செத்தவங்க படமாட்டம்” என்றாள். அவளுக்கு அவர் என்ன நிறம் என்று தெரிய வேண்டும், அதுதான் விஷயம். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் நம் ஊர்க் கலருக்கு மாற்றித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் கொண்டுபோனேன். மாற்றி வந்த கேசட்டைத்தான் இப்போது போட்டேன்.

கலர் வந்தது. ஆனால் திரையின் குறுக்கே சாம்பல் பட்டைகள் ஓடின. பட்டைகளுக்கு நடுவே மாப்பிள்ளை கதவைத் திறந்து குடுகுடுவென்று ஓடிவந்தார். சடக்கென்று உட்கார்ந்தார், சடக்கென்று எழுந்தார். வாயைத் திறந்தார். கீச்சு கீச்சு என்று அணில் சத்தம் வந்தது.

“என்னம்மா இது, ரயிலுக்கு ஓடுறவனாட்டம் ஓடுறான்?” என்றார் மாமா.

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. “எங்க புள்ள நிதானமான புள்ளங்க. ஒங்க பொட்டிலதான் ஏதோ கோளாறு.”

திருகை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினேன். பட்டைகள் மேலேறின, கீழிறங்கின, போகவில்லை. ஹெட்டில் அழுக்கு என்று முடிவுசெய்து மூடியைக் கழற்றினேன். துடைக்கிற ஸ்பிரிட் கடையில் இருந்தது. கடைக்கு ஞாயிறு லீவு. “ஸ்பிரிட்டுதானே” என்று மாமா தன் வீட்டுக்குப் போய் ஒரு புட்டியோடு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். தலைவலியோ கொசுக்கடியோ, அவருக்கு எல்லாவற்றுக்கும் பிரான்சிலிருந்து வரும் ஓடிகொலோன் வாசனைத் தண்ணீர்தான். அதில் துணியை நனைத்துத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் இதில் எண்ணெய் கிண்ணெய் இருந்து ஹெட் பிசுபிசுத்துப் போனால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று தோன்றியது. கூடம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

மறுபடி போட்டேன். அதே பட்டை, அதே ஓட்டம், அதே அணில்.

“வாசனையா ஓடுறான் இப்ப” என்றார் மாமா.

“அண்ணே, செத்த சும்மா இருங்க” என்றாள் அம்மா. அழுகிற குரல்.

பையில் ஒரு சினிமாக் கேசட் கிடந்தது. கோளாறு டெக்கிலா என்று அதைப் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக ஓடியது. ஆட்கள் ஆட்களாக நடந்தார்கள், பேசினார்கள். டெக் பிழைத்தது என்று நான் மூச்சு விட்டபோதுதான் மாமா விளையாட்டை விட்டுவிட்டு யோசித்தார்.

“பிரான்சுல இருக்குற எம்மவன் டெக்குல ரெண்டு வேகம் உண்டுடா. கேசட்டை மிச்சம் பண்ண மெதுவா ஓடவுட்டுப் பதிவான். அதை மெதுவாத்தான் போட்டுப் பாக்கணும். இதுல அந்தப் பித்தான் இருக்கா?”

முன்னால், பின்னால், அடியில் எல்லாம் தடவிப் பார்த்தேன். இல்லை. பாண்டிச்சேரிக்காரர் பாதி வேகத்தில் பதிந்திருக்கிறார். எங்கள் டெக் முழு வேகத்தில்தான் ஓட்டும். எனக்குத் தெரிந்து காரைக்காலில் இருந்ததெல்லாம் இந்த ஒற்றை வேக டெக்தான்.

அத்தை கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “இனிமே இதைப் பாத்து ஆவப்போறதில்ல. நான் சொல்றேன், தங்கமான புள்ள. பொண்ணு என்ன சொல்லுது? நான் போயி என்னன்னு சொல்லட்டும்?”

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா தங்கையைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிடேன் என்பதுபோல.

தங்கை என்னிடம்தான் கேட்டாள். “மொதல்ல வந்த கேசட்டு எங்கண்ணே?”

“பாண்டிச்சேரி கடையில. மாத்துன கூலியில பாக்கியைக் கொடுத்துட்டு எடுத்துக்கன்னுட்டாரு.”

“அதுல நல்லாத்தானே நடந்தாரு. கறுப்பு வெள்ளையா இருந்தா என்ன, கலரைக் கட்டிக்கிட்டா நான் குடும்பம் நடத்தப்போறேன்?” என்றவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். “அத்தை, காலைல நீங்க போற பஸ்லயே நானும் அண்ணனும் பாண்டிச்சேரி வரோங்க. கடையில போட்டுப் பாத்துட்டு, ஒங்களை மெட்ராஸ் பஸ் ஏத்திவிடறதுக்குள்ள சொல்லிடறேன்.”

“நல்லாருக்கே. பொண்ணு மாப்ள பாக்கப் போவுதாம், அதுவும் கடைக்கு” என்றாள் அம்மா.

அத்தை ஒரு நிமிடம் தங்கையை உற்றுப் பார்த்தார். பிறகு, “வரட்டும். ஏழு மணி பஸ்ஸு, அதைத் தவறவுட்டா நான் நிக்கமாட்டேன்” என்றார். அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

எனக்கு அப்போதே இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை லீவு சொல்ல வேண்டும், வாசனை போகத் துடைத்து டெக்கைக் கடையில் வைக்க வேண்டும், பாண்டிச்சேரிக்காரர் கடையைத் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தாலும் காசை வைக்காமல் பழைய கேசட்டைத் தொடவிடமாட்டார். அவருக்குத் தர வேண்டிய பாக்கி எழுபத்தைந்து ரூபாய்.