மல்லிகை கேட்டுப் போன நாள்

நான் யார் வீட்டு வாசலிலும் போய் எதையும் கேட்டவள் இல்லை. உறைமோருக்குக்கூட அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் எடுத்துக்கொண்டு போனது கிடையாது. அப்படிப்பட்டவள், அமெரிக்காவில் சன்னிவேல் என்கிற ஊரில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பூ கேட்கப் போனேன். அதுவும் மல்லிகை. வீட்டுக்காரர் போன பிறகு நான் கையால் தொடாத பூ.

மருமகளுக்குப் பால் கட்டிக்கொண்டிருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லை.

ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று ஊரே பயந்துகிடந்த வருஷம் அது. அதைச் சரிபண்ணுகிற வேலைக்குத்தான் என் மகனை அங்கே கூட்டிப்போயிருந்தார்கள். முதல் பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இருப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அவளுடைய அம்மாவுக்கு விசா கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தார்கள். இதில் எனக்கு என்ன பெருமையோ, ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். மூணாங்கிளாசோடு நின்றவள், தனியாக ஏரோப்ளேன் ஏறி வந்தேன் என்று அங்கே போயும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் மாசத்தில் ஒரு நாள் காலையில், பிள்ளை அசையவில்லை என்றாள் மருமகள். மகன் உடனே காரை எடுத்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் ஒன்றிரண்டு நாள் இருந்து பார்த்தான். பிறகு ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கூப்பிட்டார்களோ இல்லையோ, அவனால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. நான் சமைத்தேன். தட்டில் வைத்ததை அவள் சாப்பிட்டாள். போதுமுங்க அத்தை என்பாள். அதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு.

ஒரு நாள் பாத்ரூமில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் ஆகியும் நிற்காததால் கதவைத் தள்ளினேன். கை கழுவும் தொட்டியில் நைட்டியைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். மெஷினில் போட்டுக்கொள்ளலாமே அம்மிணி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பினாள். போட்டிருந்த நைட்டியும் முன்பக்கம் ரெண்டு வட்டமாக நனைந்திருந்தது. துண்டை இழுத்து மேலே போட்டுக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவளும் தரையைத்தான் பார்த்தாள். பெற்றவளாயிருந்தால் மடியில் விழுந்து அழுதிருப்பாள். மாமியாருக்கு முன்னால் என்ன செய்வாள், பாவம்.

மார் கல்லாக இறுகி, உடம்பு அனலாகக் காய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டதற்கு ஐஸ் வைக்கச் சொன்னார்களாம். ஃபிரிட்ஜில் உறைந்து கிடந்த பட்டாணிப் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் இதற்கு மல்லிகைதான். உதிரிப் பூவை மாரில் பரப்பி வெள்ளைத் துணியால் கட்டிவிட்டால் பால் மெல்லப் பின்வாங்கும். பொம்பளைகள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். ஆனால் அந்த ஊரில் மல்லிகைக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எங்கள் அபார்ட்மெண்டிலேயே, கீழ்வீட்டுப் பெண்ணின் வீட்டு வெளித்திண்ணையில், வரிசையாகத் தொட்டிகளில்.

அவள் மெட்ராஸ்காரி. புருஷனும் அவளும் வேலைக்குப் போகிறவர்கள். துணி துவைக்கிற பொது ரூமில்தான் பழக்கம். மெஷினுக்குக் காசு போடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அங்கே நின்றுகொண்டு என் பெருமையை எல்லாம் அவளிடம் அவிழ்த்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் தங்காத பிள்ளை கிடையாது என்று சொன்னேன். ஒன்பதாம் மாசம் வளைகாப்பு, நான் கை வைக்கக் கூடாதவள், அதனால் நீதான் முதல் வளையல் போடவேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அவளுக்கு அது பெரிய சந்தோஷம். இப்போது அந்த வாசலுக்குத்தான் போகவேண்டும்.

கதவைத் திறந்ததும் என் முந்தானையைப் பார்த்தாள். "வாங்க ஆன்ட்டி. என்ன டப்பா, ஸ்வீட்டா?"

காலி டப்பாவை வெளியே எடுத்தேன். கொஞ்சம் பூ வேண்டும், மல்லிகை, கொஞ்சம் நிறையவே வேண்டும் என்றேன். அவள் பார்வை என் வெறும் நெற்றிக்குப் போய் வந்தது. பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, வளைகாப்பா ஆன்ட்டி? இன்னிக்கா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தை சொல்லவேண்டி வருமே, அதற்கு என் வாய் வரவில்லை. துவைக்கிற ரூமில் அத்தனை பேசிய வாய்.

"வீட்டோட, சின்னதா" என்றேன்.

செடியை மொட்டையடித்துவிட்டாள். முற்றாத அரும்பைக்கூட விடவில்லை, சாயங்காலம் விரிந்துவிடும் என்று சொல்லிச் சொல்லிப் பறித்தாள். தொடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். உதிரியாகவே கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்களா கட்டுவீங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாலியறுத்தவள் பூக் கட்டலாமா என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவாவது என்னைப் பற்றினது, பிள்ளையைப் பற்றினது இல்லை.

மேலே வந்து என்னுடைய பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்தேன். மருமகள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே பூவை வைத்துக் கட்டினேன். வலித்தால் சொல்லு கண்ணு என்றேன். வலிக்கலைங்க அத்தை என்றாள். வலித்தது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். பெல் அடித்தது. என் கை ஈரமாக இருக்கவே அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டுப் பெண் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றாள். கையில் தட்டு. குங்குமம், ஆரஞ்சுப்பழம், ஊரிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த கண்ணாடி வளையல்கள்.

"என்ன இது, வளைகாப்புப் பொண்ணு நைட்டியிலயே இருக்க?" என்று உள்ளே வந்தாள். "கூப்பிடலன்னா விட்டுடுவேனா? உங்க அத்தை எனக்கு வாக்குக் குடுத்திருக்காங்க, தெரியுமா? வீடே மணக்குது போ."

பெற்ற வயிறு உடனே இறங்கிவிடாது. பார்க்கிறவளுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

மருமகள் அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். தெருவில் பெரியவள் ஒருத்திக்குச் சேலை விலகியிருந்தால், சின்னவள் கண்டும் காணாத மாதிரி முன்னால் வந்து மறைத்து நிற்பாள் பாருங்கள், அப்படி ஒரு பார்வை. நான் என்ன சொல்லிப் பூ வாங்கினேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள்.

"போடுங்கக்கா."

முதல் வளையல் ஏறியது. பச்சை. ரெண்டாவதும் ஏறியது. சத்தம் என் காதில் விழுந்தது. என் மானத்தைக் காப்பாற்ற என் மருமகள், செத்த பிள்ளைக்கு வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நிறுத்தும்மா" என்றேன். "கொழந்தை போயிருச்சு. பொறக்கறப்பவே இல்லை. பூவு, பாலு வத்தறதுக்குக் கேட்டது."

அந்த வீட்டில் முதல்முதலாக அதைச் சொன்னவள் நான்தான்.

கீழ்வீட்டுப் பெண்ணின் கையில் மூன்றாவது வளையல் அப்படியே நின்றது. மெல்ல அதைத் தட்டில் வைத்தாள். போட்டதைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். எங்கள் சனத்தில் எந்தச் சீருக்கும் முறை கேட்டு என்னிடம்தான் வருவார்கள். இதற்கு எனக்கு முறை தெரியவில்லை.

"இருக்கட்டும்க்கா" என்றாள் மருமகள்.

 கீழ்வீட்டுப் பெண் குங்குமத்தை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்தாள். பூவை எத்தனை வாட்டி மாற்றவேண்டும் என்று என்னிடம் கேட்டாள். காலையிலும் மாலையிலும் என்றேன். "என் செடில இனிமே ரெண்டு நாள் பூக்காது ஆன்ட்டி. பிளசன்டன்னு ஒரு ஊர்ல ஒரு ஃப்ரெண்டு வச்சிருக்கா. காலைல ட்ரைவ் பண்ணிப் போய் வாங்கிட்டு வரேன்" என்றாள்.  என்னைப் பார்த்து ஒரு வார்த்தை, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் போனாள்.

நான் கீழே, மருமகள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். மாமியார் உட்காருகிற இடமில்லை அது. 

"அத்தை, நீங்க பாத்தீங்கல்லங்க" என்றாள். "யாராட்டம் இருந்தானுங்க?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் கை நீட்டி வாங்கினேன். கனமாகத்தான் இருந்தான். குல்லாயை விலக்கிப் பார்த்தேன். காது ரெண்டும் விடைத்துக்கொண்டு, அப்படியே சம்பந்தியினுடைய காது. நம் வீட்டுச் சாடை ஒன்றும் இல்லையே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. உயிரில்லாத பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு சாடை பார்த்த நெஞ்சு இது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

"உங்கப்பனாட்டம் கண்ணு" என்றேன். "காது அப்படியே."

"விடைச்ச காதுங்களா?"

"ஆமாஞ் சாமி."

சிரித்துவிட்டாள். சிரித்ததில் மார் குலுங்கி வலித்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன நிறம், நகம் இருந்ததா, கண் மூடியிருந்ததா, வாய் எப்படி. நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றேன். அன்றைக்கு ஒரு பொய்யே எனக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது.

முடி இருந்ததா என்று கேட்டாள். நான் குல்லாயை முழுசாகக் கழற்றிப் பார்க்கவில்லை.

"சுருட்டையா இருந்துச்சு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மகன். எப்போது வந்தானோ, ஷூவைக்கூடக் கழற்றாமல், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கீழே பிண அறைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டானாம். தனி ரூமில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். எனக்கே அது தெரியாது. சொல்லும்போது அவன் முகம் கோணிக்கொண்டு போனது. வளர்ந்த பிள்ளை அழுவதைத் தாய் பார்க்கக் கூடாது. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

பால் வற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கீழ்வீட்டுப் பெண் காலையில் வேலைக்குப் போகிற வழியில் பூவைக் கொண்டுவந்து தருவாள். முதல் ரெண்டு நாள் கதவை அரைவாசி திறந்து கையை மட்டும் நீட்டி வாங்கினேன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல். மூன்றாம் நாள் உள்ளே வாம்மா என்றேன். நேரமாகிவிட்டது ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் ஒரு நாள் கட்டை அவிழ்த்தபோது துணி காய்ந்திருந்தது. பூ வாடி ஒட்டியிருந்ததே தவிர, ஈரம் இல்லை. அதை மருமகளிடம் காட்டினேன். நல்ல சேதிதானே என்றுதான் காட்டினேன். அவள் அந்தத் துணியை என் கையிலிருந்து வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தத் துணியை அவள் திருப்பித் தரவில்லை. துவைக்கக் கொடு என்று நானும் கேட்கவில்லை.