திட்டுவதற்கு ஒரு ஆள்

பழனி அடிவாரத்தில் பிறந்த எனக்குக் கடவுளை நம்புவது என்று தனியாக ஒரு வேலை இருந்ததில்லை. அப்பாவுக்கு விபூதி, கற்பூரம் விற்கிற பூஜைச் சாமான் கடை. வாசலில் எந்நேரமும் காவடியும் மொட்டைத் தலையுமாக ஜனம் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்குப் பின்னால் மலை இருக்கிறது என்பதை யாரும் நம்ப வேண்டியதில்லை. மலைமேல் முருகன் இருப்பதும் எங்களுக்கு அப்படித்தான்.

ஐம்பதுகளின் நடுவில் என்னைக் கோடைக்கானலுக்கு மேலே இருக்கிற பூண்டியில் கட்டிக்கொடுத்தார்கள். சின்ன வயதில் வார்த்த அம்மையில் என் முகமெல்லாம் தழும்பு. பெண் கேட்டு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. மேல்மலையில் பூண்டு போடுகிறவர், மட்டக்குதிரைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு பழனிச் சந்தைக்கு இறங்குவார். முதல் மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. நல்ல மனுஷன், ஒரே ஒரு குறை, சாமி கும்பிட மாட்டார் என்று மண்டிக்காரர் அப்பாவிடம் சொன்னார். அப்பா ரொம்ப யோசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், யோசிப்பதை விட்டுவிட்டார்.

பழனியில் மேடை போட்டுச் சாமி இல்லை என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் அந்த ரகம் இல்லை. ஊர்த் திருவிழாவுக்குப் பந்தக்கால் நடுவார், தண்ணீர் சுமப்பார். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் மட்டும் குதிரைகளைப் பார்க்கப் போய்விடுவார். நான் கொண்டுபோன முருகன் படத்துக்குச் சுவரில் ஆணி அடித்துக் கொடுத்ததே அவர்தான்.

காரணத்தை அவராகவே ஒரு மழைநாளில் சொன்னார். முதல் மனைவிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தபோது, கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். இவருடைய அப்பா குறி கேட்டு வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை சுகமாகப் பெறுவாள், அதுவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று குறி சொன்னதாம். திங்கட்கிழமையே அவள் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

“எங்கப்பன் சாமிய நம்புனாரு. நான் எங்கப்பன நம்புனேன்” என்றார். அப்பாவும் மகனும் அந்தச் சாவுக்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை, அந்தப் பெரியவர் சாகும்வரை.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவருடைய நெற்றி, அவருடைய பிடிவாதம். சாமி எங்கே இருக்கிறார் என்று அவரிடம் போய்க் கேட்பாள். அந்தச் சோலியெல்லாம் உங்கம்மாவிடம் கேளு என்று அனுப்பிவிடுவார். அவள் என்னிடம் வந்து, அப்பாவுக்குத் தெரியாதாம் என்று ரகசியம் போலச் சொல்லுவாள். நாங்கள் மூவரும் இதில் சிரித்திருக்கிறோம்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், பூண்டு பிடுங்குகிற சமயத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் தொண்டை வீங்கி எச்சில் விழுங்க முடியவில்லை. அவர் விளக்கைத் தூக்கி அவள் வாய்க்குள் பார்த்தார். வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. உடனே வெளியே போய் ஆட்களைக் கூட்டி வந்தார். கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி அவளைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டோம். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பூண்டு பாதி வயலில் கிடந்தது.

அப்போது பூண்டிக்குச் சாலை கிடையாது. மன்னவனூர் வழியாக நடந்து பூம்பாறைக்கு வந்தோம். அங்கே கிழங்கு ஏற்ற வந்திருந்த லாரிக்காரர் எங்களையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். மூட்டை ஏறுகிறவரை நிற்க வேண்டியிருந்தது. பக்கத்தில்தான் முருகன் கோயில். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “வெரசா கும்பிட்டு வா” என்றார். நான் ஓடிப்போய் விபூதி வாங்கி வந்து அவள் நெற்றியில் பூசினேன். கண்ணில் விழாமல் தன் கையால் அவள் கண்ணை மறைத்துக்கொண்டது அவர்தான்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் பார்த்ததுமே தொண்டை அடைப்பான் என்றார். ஊசி போட்டார்கள். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அசையாமல் நின்றது. அவள் மூச்சு விடுகிற சத்தம் வராந்தா வரை கேட்டது.

கழுத்தில் சிலுவை போட்ட நர்சம்மா ஒருத்தர் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு முணுமுணுத்தார். எழுந்தபோது என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீங்களும் பிரே பண்ணுங்கய்யா, உங்க சாமியிடமே பண்ணுங்க என்றார்.

“யாருட்டங்க?” என்று கேட்டார் அவர்.

நர்சம்மா அதைக் குதர்க்கம் என்று நினைத்திருக்க வேண்டும், சட்டென்று போய்விட்டார். எனக்கு அந்தக் குரல் தெரியும். ஊர் தெரியாதவன் வழி கேட்கிற குரல் அது.

அன்று மதியத்துக்குப் பிறகு அவள் போய்விட்டாள்.

ஊருக்குத் தூக்கிப் போக முடியாது என்றார்கள், ஒட்டுகிற நோயாம். கோடைக்கானலிலேயே, எங்களுக்கு யாரையும் தெரியாத மயானத்தில், சரிவான ஒரு இடத்தில் புதைத்தோம். மண் ஈரமாக இருந்தது. தூளிக்குக் கொண்டுவந்த கம்பளியையும் அவளோடு போடச் சொன்னார். குளிருமே என்றுதான் சொன்னார்.

பூண்டியில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சாமியை மதிக்காதவன் வீட்டில் வேறென்ன நடக்கும் என்றார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் வயலுக்குப் போனார், வந்தார். அந்தப் பாதிப் பூண்டு அழுகிவிட்டிருந்தது.

நான் வேறு மாதிரி ஆனேன். வாய் ஓயாமல் முருகனைத் திட்டினேன். அடுப்பு ஊதும்போது, களை எடுக்கும்போது, படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, உனக்குக் கண் அவிந்துபோச்சா, உன் விபூதியைத்தானே பூசினேன், என் பிள்ளையைக் கொடு என்று. பிறந்த ஊரில் கேட்ட கெட்ட வார்த்தைகள் அத்தனையும் வந்தன. திட்டித் திட்டி அழுது களைத்துப் படுத்தால் கொஞ்சம் தூக்கம் வரும். அவருக்கு அதுவும் இல்லை. கன்னமெல்லாம் ஒட்டிப்போய் வேறு ஆள் போலாகிவிட்டார்.

ஒருநாள் காலையில் நான் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் சொன்னார்: “உனக்குத் திட்டுறதுக்காச்சும் ஒரு ஆளு இருக்கு புள்ள. மொதத் தடவ எனக்கு எங்கப்பன் இருந்தாரு. இப்ப நான் யாரப் போய்க் கேக்க?”

அவரே தொடர்ந்தார். “ஆஸ்பத்திரியில கும்பிட்டுப் பாத்தேன். நீ தண்ணி எடுக்கப் போயிருந்த. கை சேந்துச்சு. எதுத்தாப்புல யாரும் இல்ல.”

இதை அவர் வீம்பாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. கதவைத் தட்டினேன், வீட்டில் ஆள் இல்லை என்று வந்து சொல்வதுபோலச் சொன்னார். மனுஷனுக்குச் சாமி வேண்டுமா வேண்டாமா என்று யாராவது பேசக் கேட்டால் எனக்கு இந்தக் காலைதான் ஞாபகம் வரும். அவருக்கு வேண்டியிருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். வேண்டும் என்பதனாலேயே ஒன்று வந்துவிடாது என்பதையும் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த தை மாசம் பழனிக்குப் போய் நேரிலேயே அவனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அவரும் கூட வந்தார். மலையடியில் என் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, போய்ட்டு வா, இங்கனதான் இருப்பேன் என்றார்.

மேலே கூட்டம் நெருக்கியது. எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து அலறினாள். பின்னால் ஒரு வயசானவர் ஏதோ பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்நிதி முன்னால் வந்தபோது என் வாயில் ஒரு வார்த்தையும் இல்லை. திட்டும் வரவில்லை, வேண்டுதலும் வரவில்லை. தள்ளினார்கள், நகர்ந்தேன். எத்தனையோ தடவை பார்த்த முகம் அன்று வெறும் சிலையாக இருந்தது. அது என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

இறங்கி வந்ததும், கேட்டியா என்றார். கேட்கவில்லை என்றேன். அவர் குனிந்து செருப்பை என் காலடியில் வைத்தார். அப்பா கடைக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம்.

அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் விளக்கேற்றுவதை மட்டும் விடவில்லை, ஏற்றாத நாள் கை என்னவோபோல் இருந்தது. திட்டுவது நின்றுவிட்டது. எங்கள் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது, அது நல்ல அமைதி இல்லை.

அறுபதுகளின் கடைசியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. கோடைக்கானலுக்குப் போகலாம் என்றேன். அந்த ஊருக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கடைசி நேரத்தில் முருகா என்று கூப்பிட்டுத்தான் உயிரை விட்டார் என்று பூண்டியில் இன்றைக்கும் சொல்லுவார்கள். பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அவர் கேட்டது தண்ணீர். அவர் அப்படிக் கூப்பிடவில்லை என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் முகம் வாடிப்போகும். அதனால் இப்போதெல்லாம் யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறேன்.