இது எந்த டவுன்?

குதிரைக்காரன் பொன்னுவேலுக்கு இங்கிலீஷ் காது வழியாக வந்தது. எஸ்டேட் துரையின் லாயத்தில் தலை நரைக்கும்வரை இருந்து அவன் பொறுக்கிச் சேர்த்த சொற்களில் அவனுக்கு மிகவும் பிடித்தது ‘டவுன்’. மலையிலிருந்து கீழே இறங்கினாலும் டவுன். இறங்கிப் போய்ச் சேரும் சேலம் பட்டணமும் டவுன். காப்பி மூட்டை போவதும் அங்கேதான், காய்ச்சல்காரர்களைத் தூக்கிப் போவதும் அங்கேதான். ஏற்காட்டுக்காரனுக்கு இதில் குழம்ப என்ன இருக்கிறது?

கிளியூர்ப் பாதையில் சறுக்கி விழுந்து கால் நொண்டிப்போன கிழட்டுக் குதிரை மோலியை அன்று காலை துரை தடவிக் கொடுத்தார். “புட் ஹெர் டவுன், பொன்னுவேல்” என்று சொல்லிவிட்டு, பங்களாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“எஸ் சார்” என்றான் பொன்னுவேல். மோலியை அவன் மல்லி என்றுதான் கூப்பிடுவான்.

கீழே கொண்டுபோய் யாரிடம் விடுவது? எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் நல்லமுத்துவைக் கேட்கலாம். கேட்டால், ‘உனக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாச்சே’ என்று மானத்தை வாங்கிவிடுவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கினான். விற்கச் சொன்னாரா? வைத்தியம் பார்க்கவா? மல்லி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி வந்தது. அது நின்றபோதெல்லாம் அவனும் நின்று மேலே திரும்பிப் பார்த்தான்.

அடிவாரத்தில், ரோட்டோரமாகவே அவன் தங்கை வேலம்மாள் வீடு.

“ஏனுங்ண்ணா, நொண்டிக் குதிரைய எங்கூட்டுக்கு ஓட்டியாந்திருக்கறீங்க? மாப்பிள்ளைக்குச் சீருங்களா?”

“வாசல்ல கட்டி வை கண்ணு. துரை ஆளனுப்புவாரு.”

மறுநாள் பிற்பகல் மூச்சு வாங்க அவன் எஸ்டேட்டுக்குத் திரும்பியபோது ரைட்டர் ஓடி வந்தார்.

“எங்கப்பா பொதைச்ச?”

“எதைங்க?”

“குதிரையத்தான்! துப்பாக்கிய எடுத்து வச்சுக்கிட்டு நேத்தெல்லாம் காத்திருந்தேன். ஆளையே காணோம். நீயே வேற வழியில முடிச்சுட்டியா?”

“டவுனுக்கு ஓட்டிட்டுப் போயி தங்கச்சி ஊட்டுல கட்டியிருக்கறனுங்க.”

ரைட்டர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். “அட, கெடுத்தியே! வாயில்லாச் சீவனைப் பார்த்து ‘புட் டவுன்’னா, வலியில கெடக்க வேண்டாம், சுட்டுப் போட்டுருன்னு அர்த்தம்ப்பா.”

பொன்னுவேல் பங்களாவைத் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மல்லிக்குக் குண்டு. சொல்லாமல் விட்டு வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். எதையும் முடிவு செய்வதற்குள் பங்களாக் கதவு திறந்தது. துரையின் கண்கள் சிவந்திருந்தன.

“மோலி... டவுன்?”

பொன்னுவேல் நிமிர்ந்து நின்றான். “எஸ் சார்” என்றான். “டவுன்.”

பொய் இல்லை. ரைட்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். துரை பொன்னுவேலின் தோளைத் தட்டினார். “டுமாரோ ஐ ஆம் கோயிங் டவுன்” என்றபடி உள்ளே திரும்பினார்.

பொன்னுவேல் ரைட்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். “ஏனுங்க, இது எந்த டவுனுங்க?”

“சேலந்தான், பயப்படாத. காலையில கெளம்புவாரு.” ரைட்டர் சற்று யோசித்தார். “ஏம்ப்பா, உன் தங்கச்சி ஊடு ரோட்டு மேலதான இருக்குது?”

பொன்னுவேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்த வழியே மறுபடி மலை இறங்க ஓடினான்.